வீட்டு ஸ்லைடிங் கேட்டை நாமே செய்து மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வெல்டிங் மெஷின், ஒரு கிரைண்டர் வைத்துக்கொண்டு முதலில் சொந்த வீட்டுக்கும், பிறகு உறவினர், அக்கம்பக்கத்தார் வீடுகளுக்கும் ஸ்லைடிங் கேட் செய்து கொடுத்து வருகிறேன். கேட்கிற ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவரவர் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். கணக்கு வசதிக்காக எல்லாப் பதில்களிலும் 12 அடி வாசல், 5 அடி உயரம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எல்லாரும் டிசைனில்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நான் தரையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். கேட் லேசாக ஓடுமா என்பது அடியில் வீல் ஓடும் ட்ராக்கில் இருக்கிறது. ஆள்மேல் விழாமல் இருக்குமா என்பது கேட்டை மேலே நிமிர்த்திப் பிடிக்கும் கைடு ரோலரிலும், கோடியில் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரிலும் இருக்கிறது. மூன்றும் பார்வைக்கு எடுபடாத வேலைகள் என்பதால் பலர் அங்கேதான் காசைக் குறைக்கிறார்கள்.

1. வாசல் 12 அடி. பக்கத்துல எவ்வளவு இடம் விடணும்?

12 அடி வாசலுக்கு 12 அடி கேட் போதாது. மூடியிருக்கும்போது முன்முனை எதிர்ப் பில்லரில் உள்ள சேனலுக்குள் 3 அங்குலம் நுழைய வேண்டும். பின்முனை கைடு ரோலர்களுக்குள் ஒன்றேகால் அடி நிற்க வேண்டும். ஆக, கேட்டின் நீளம் 13½ அடி. அது திறந்து முழுதாக ஒதுங்க, காம்பவுண்டு சுவரின் உள்பக்கம் 13½ அடியும், ஸ்டாப்பருக்கு அரை அடியும் சேர்த்து 14 அடி வேண்டும். வாசலையும் சேர்த்தால் ட்ராக் 26 அடி.

அந்த 14 அடிச் சுவர் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். மீட்டர் பெட்டி, தண்ணீர்க் குழாய், செடித் தொட்டி, படிக்கட்டு எதுவும் அந்தப் பாதையில் இருக்கக்கூடாது. கேட்டுக்கும் சுவருக்கும் இடையே 2 அங்குலம் இடைவெளி விடுங்கள்.

2. அவ்வளவு இடம் இல்ல சார். வேற வழி இருக்கா?

இரட்டை ஸ்லைடிங் உண்டு. ஏறத்தாழ 7 அடியில் இரண்டு பலகங்கள், பக்கம் பக்கமாக இரண்டு ட்ராக். ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் ஏழரை, எட்டு அடி இருந்தால் போதும். வீல், கைடு, ஸ்டாப்பர் எல்லாம் இரட்டிப்பாகும். முதல்முறை கேட் செய்கிறவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். உள்ளே திறக்கும் ரெட்டைக் கதவே அவருக்கு நல்லது.

வெளிப்பக்கம் தெருவுக்குள் திறக்கும் கதவு வேண்டாம். உங்கள் எல்லைக்கு வெளியே இருப்பது பொது இடம். கதவானாலும், சாக்கடைமேல் போட்ட சரிவு மேடையானாலும், நகராட்சியோ ஊராட்சியோ எடுக்கச் சொன்னால் எடுத்தே ஆக வேண்டும்.

3. எந்த பைப் வாங்கணும், எத்தனை கேஜ்?

வெளிச் சட்டத்துக்கு 50×50 மி.மீ. பாக்ஸ் பைப், 2 மி.மீ. கனம், கடையில் 14 கேஜ் என்பார்கள். உள் சட்டங்களுக்கு 40×40 போதும். 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ., 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ.; எண் கூடக் கூடக் கனம் குறையும். ஒரே கேஜ் சொல்லி விற்கும் பைப்புகளில் கனம் வேறுபடும் என்பதால் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.

கேட்டின் பாரம் முழுவதும் உட்காருவது கீழ்ச் சட்டத்தில்தான். வீல் பொருத்த அதில்தான் பள்ளமும் வெட்டுகிறோம். அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் 80×40 போட்டால் பின்னாளில் நடுவில் தொங்காது.

4. கேட் எத்தனை கிலோ வரும்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், கண்டுபிடித்தும் ஆக வேண்டும். வீல், மோட்டார் இரண்டையும் எடை தெரிந்துதான் வாங்க முடியும். பைப்பின் நான்கு பக்க அளவையும் கூட்டி, கனத்தால் பெருக்கி, 0.00785ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 50×50×2 பைப்புக்கு 3.14 வரும்; உண்மை எடை 3 கிலோவுக்குச் சற்றுக் கீழே. 1.2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு 9.4 கிலோ.

நம் கேட்டில் வெளிச் சட்டம் 34 கிலோ, உள் சட்டம் 24 கிலோ, முழு ஷீட் 59 கிலோ. வீல், பூட்டு, பெயின்ட் எல்லாம் சேர்த்தால் 125, 130 கிலோவில் நிற்கும். ஷீட் பாரம், கம்பி லேசு என்று நினைப்பவர்கள் உண்டு. 12 மி.மீ. சதுரக் கம்பியை 4 அங்குலத்துக்கு ஒன்று நிறுத்தினால் கம்பி மட்டுமே 65 கிலோ.

பட்டறையில் கொடுத்துச் செய்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். சதுர அடிக்குக் கூலி பேசினால் மெல்லிய பைப் வரும் வாய்ப்பு அதிகம். கிலோவுக்குப் பேசினால் தேவையில்லாத இரும்பு ஏறும் வாய்ப்பு அதிகம். எந்த பைப், என்ன கனம், மொத்தம் எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலை பேசுங்கள்.

5. ட்ராக்குக்கு ஆங்கிள் போடவா, உருண்டை ராடு போடவா?

இரண்டும் சரிதான், வீல் மட்டும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். எல் வடிவ இரும்பான ஆங்கிளைக் கூர் மேலே வரும்படி கவிழ்த்துப் போட்டால் வி வெட்டு வீல். உருண்டை ராடு என்றால் யு வெட்டு வீல். மாற்றிப் போட்டால் சீக்கிரம் தேயும், ஓடும்போது சத்தமும் வரும். 40×40×5 ஆங்கிளைக் கவிழ்த்தால் கூர் 28 மி.மீ. உயரும். அதில் பாதியைக் கான்கிரீட்டில் புதைத்துப் பாதியை வெளியே விடுகிறோம். அதற்கு மேல் புதைத்தால் வீலின் விளிம்பு தரையில் உரசும்.

தினமும் பைக், சைக்கிள் ஏறி இறங்கும் வீட்டுக்கு நான் போடுவது 50×6 பட்டைமேல் வெல்டிங் செய்த 20 மி.மீ. ராடு. மழையில் ஆங்கிளைக் குறுக்காகச் சாய்த்துக் கடக்கும் பைக் வழுக்கும்; ராடில் அந்தத் தொல்லை குறைவு. நிமிர்த்திப் போட்ட யு சேனலுக்குள் வீல் ஓடும் அமைப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். மணலும் சிறு ஜல்லியும் சேர்ந்து ஒரே மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும்.

6. இருக்குற சிமென்ட் தரையிலேயே ட்ராக்கை போல்ட் அடிச்சு மாட்டிடலாமா?

மாட்டினால் சில மாதம் ஓடும். பிறகு கார் சக்கரம் ஏறும் இரண்டு இடத்திலும் தரை விரிசல் விட்டு ட்ராக் பள்ளமாகும். 130 கிலோ கேட் இரண்டு வீலில் நின்றால் ஒரு வீலுக்கு 65 கிலோ. ஆனால் 1,200 கிலோ கார் ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ கொடுக்கிறது, அதுவும் இறங்கும் வேகத்தோடு. ட்ராக்கை உடைப்பது கார்தான். அஸ்திவாரத்தைக் காருக்காகப் போடுங்கள்.

26 அடி நீளத்துக்கும் ஒரு அடி ஆழம் வெட்டி, அடிமண்ணைத் தண்ணீர்விட்டு இடித்து இறுக்கி, 3 அங்குலம் ஜல்லிக் கலவை போடுங்கள். அதன்மேல் 9 அங்குல அகலம், 9 அங்குல உயரத்தில் பீம். 10 மி.மீ. கம்பி நான்கு, 8 அங்குலத்துக்கு ஒரு 8 மி.மீ. ரிங். கலவை 1:1½:3. பீமுக்கு மட்டும் ஏறத்தாழ மூன்றரை மூட்டை சிமென்ட் ஆகும். வீடு கட்டும்போது மண் கொட்டி மேடாக்கிய இடம் என்றால், பழைய கெட்டித் தரை வரும்வரை தோண்டுவதைத் தவிர வழியில்லை.

பீமின் மேல் 2 அங்குலத்தைக் காலியாக விட்டு, ஒன்றரை அடிக்கு ஒரு கொக்கிக் கம்பியை நீட்டி வையுங்கள். மறுநாள் ட்ராக்கை அந்தக் கொக்கிகள்மேல் வைத்து, நைலான் நூலும் டியூப் மட்டமும் பிடித்து, அடியில் தகட்டுத் துண்டு கொடுத்துச் சரிசெய்து டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்டிங் பொட்டு) அடியுங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 2 மி.மீ.க்குமேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. திருப்தியான பிறகே மேல் கான்கிரீட். ஏழு நாள் ஈரம் காயாமல் பாருங்கள். அதுவரை அதன்மேல் கார் ஏற்ற வேண்டாம்.

7. எங்க தெருவே சரிவு. ட்ராக்கும் அதோட போனா என்ன?

வாசல் தரை வீட்டிலிருந்து தெருவை நோக்கிச் சரிந்தால் கவலையே இல்லை. ட்ராக் அதற்குக் குறுக்கே ஓடுகிறது. தெரு போகும் திசையிலேயே, அதாவது கேட் ஓடும் திசையிலேயே சரிவு இருந்தால்தான் சிக்கல். ட்ராக் 12 அடிக்கு 1 அங்குலம் சரிந்தால் 130 கிலோ கேட்டைக் கிட்டத்தட்ட 1 கிலோ விசை எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும். நல்ல பேரிங் போட்ட கேட் அதற்கே தானாக நகரும்; பின்னால் குழந்தை நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது.

ட்ராக் மட்டமாகத்தான் இருக்க வேண்டும். பள்ளமான பக்கம் பீமை உயர்த்தி, தரையை அதற்கேற்ப இரண்டு பக்கமும் சாய்த்துக்கொள்ளலாம். அதுவும் ஆகாத அளவுக்குச் சரிவு என்றால் அந்த இடத்துக்கு ஸ்லைடிங் கேட் பொருந்தாது.

8. ரெண்டு வீலுக்குப் பதிலா நாலு போட்டா பாரம் குறையும்ல?

குறையாது. விறைப்பான சட்டத்தில் ஒரே கோட்டில் நான்கு வீல் வைத்தால், ட்ராக்கில் ஒரு மி.மீ. மேடு பள்ளம் இருந்தாலும் இரண்டுதான் பாரம் தாங்கும், மற்றவை தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டே வீல் வாங்குங்கள், நல்லதாக வாங்குங்கள்: 4 அங்குலம், மூடிய பேரிங் உள்ளது, ஒவ்வொன்றும் கேட்டின் முழு எடையையும் தாங்கும் என்று குறிப்பிட்டது.

இரண்டு முனையிலிருந்தும் 2 அடி உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். ஓரத்திலேயே வைத்தால் நடுச்சட்டம் தொங்கும். அதிகம் உள்ளே வைத்தால் தள்ளும்போது கேட் முன்னும் பின்னும் ஆடும். வெல்டிங் செய்யாமல் போல்ட்டில் மாட்டினால் பின்னாளில் கழற்றி மாற்ற முடியும்.

9. வெல்டிங் யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டேன். பிரேம் செஞ்சா முறுக்கிக்குது, ஏன்?

ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகிறீர்கள், அதனால்தான். சூடான இடம் ஆறும்போது சுருங்கி இழுக்கும். மட்டமான தரையில் சட்டத்தைப் பரப்பி, நான்கு மூலையிலும் டேக் மட்டும் அடித்து, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சட்டத்தின் மூலைகள் செங்கோணம். பிறகு எதிரெதிர் மூலைகளாக, சிறிது சிறிதாக, திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் மாறிமாறி முடியுங்கள். 2 மி.மீ. பைப்புக்கு 2.5 மி.மீ. வெல்டிங் ராடும் 60 முதல் 80 ஆம்பியரும் போதும்.

ஷீட்டை ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் அப்பளமாக உப்பும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி, 6 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்று வையுங்கள். கண்ணுக்கு 10ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் டேக்கூட அடிக்கக்கூடாது. வெல்டிங் வெளிச்சம் கண்ணைச் சுட்டது அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், மணல் கொட்டியது போல உறுத்தி எரியும்.

10. ஜிஐ பைப் போட்டா துரு பிடிக்காதுதானே? பெயின்ட் மிச்சம்னு சொல்றாங்க.

ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. பற்றவைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகிறது, துரு அங்கேதான் ஆரம்பிக்கும். இணைப்புகளில் துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, மேலே பெயின்டும் அடித்தாக வேண்டும். பற்றவைக்கும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். இணைப்பைச் சுற்றி ஒரு அங்குலம் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்தவெளியில் காற்றடிக்கும் பக்கம் முதுகு காட்டி நில்லாமல், புகை பக்கவாட்டில் விலகும்படி நின்று வேலை பாருங்கள்.

சாதாரண இரும்பு என்றால் எண்ணெய், கசடு துடைத்து அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். கடலோர ஊர்களுக்கு எபாக்சி பிரைமர் செலவுக்கு ஏற்ற பலன் தரும். செய்து முடித்த கேட்டை முழுதாகத் துத்தநாகத்தில் முக்கி எடுத்துத் தரும் ஆலைகளும் உண்டு. ஆனால் அந்தக் குளியல் 450 டிகிரிச் சூட்டில் இருக்கும். ஒவ்வொரு பைப்பிலும் காற்றுத் துளை இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் பைப்பை வெடிக்கவைக்கும். எந்த வகையானாலும் கீழ்ச் சட்டத்தின் அடியில் 8 மி.மீ. துளை சில போடுங்கள், தண்ணீர் வடியட்டும்.

11. மேல கைடு ரோலர் எத்தனை? எங்களுக்கு வேல் முனை டிசைன் வேணும்.

திறக்கும் பக்கத்துப் பில்லரை ஒட்டி ஒரு ஜோடி, அதிலிருந்து ஒரு அடி உள்ளே இன்னொரு ஜோடி. மூடியிருக்கும்போதும் கேட் இரண்டு ஜோடிக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் பதிலில் கேட்டை நீட்டியது இதற்காகத்தான். ஒரு ஜோடி மட்டும் போட்டால், அந்த போல்ட் என்றைக்குக் கழன்றாலும் கேட்டைப் பிடிக்க எதுவும் இருக்காது. ரோலருக்கும் சட்டத்துக்கும் இடையே 2 மி.மீ. விளையாட்டு விடுங்கள், இறுக்கினால் திணறும்.

ரோலர் பிடிக்கும் மேல்சட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வழவழப்பாக, எதுவும் நீட்டிக்கொண்டிராமல் இருக்க வேண்டும். வேல் முனை அதற்கு மேலே நிற்கலாம். அப்போது இரண்டு ரோலரையும் மேலே வளைத்து இணைக்கும் பட்டை போடக்கூடாது, வேல் அதில் முட்டும். பில்லரிலிருந்து ஒரு ரோலரையும், தனியாக ஊன்றிய கம்பத்திலிருந்து மற்ற ரோலரையும் பிடியுங்கள்.

12. ஸ்டாப்பர் கட்டாயமா? நாங்க மெதுவாத்தான் தள்ளுவோம்.

கட்டாயம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். ஸ்லைடிங் கேட்டுக்குக் கீல் கிடையாது. கைடைத் தாண்டி ஓடிவிட்டாலோ, வீல் ட்ராக்கைவிட்டு இறங்கினாலோ, தட்டையாகச் சாயும். 130 கிலோ இரும்பு 5 அடி உயரத்திலிருந்து சாயும்போது பெரியவர்களாலும் தாங்க முடியாது. கேட்டைத் தள்ளி விளையாடுவது குழந்தைகள்தான். நாம் மெதுவாகத் தள்ளுவது பாதுகாப்பு ஆகாது.

இரண்டு கோடியிலும் ஸ்டாப்பர் வேண்டும், ஒவ்வொரு கோடியிலும் கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே இருப்பதை ட்ராக்கில் ஒட்டவைக்காமல், பீமுக்குள் ஊன்றிய தடித்த பைப்பாகப் போடுங்கள். மேலே இருப்பது, கேட்டின் மேல்சட்டத்தில் பற்றவைத்த ஒரு துண்டு கைடு ரோலரில் முட்டும்படி இருக்கலாம். அங்கே மேல்சட்டம் வழவழப்பாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, ஏனென்றால் கேட் அதைத் தாண்டிப் போகவே கூடாது. மூடும் பக்கம் முன்முனை நுழையும் சேனலும் கேட்டை நிமிர்த்திப் பிடிக்கும்.

வேலை முடிந்ததும் இரண்டு பேராக வேகமாகத் தள்ளி இரண்டு கோடியிலும் முட்டவிட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். அதற்குப் பிறகே வீட்டுக்காரர்கள் கையில் கொடுங்கள்.

13. செஞ்ச கேட்டை ட்ராக்குல ஏத்துறது எப்படி?

ஸ்டாப்பர், கைடுக் கம்பங்கள் எல்லாம் முன்பே நின்றிருக்க வேண்டும். நாலைந்து பேராகத் தூக்கி வீலை ட்ராக்கில் உட்காரவைத்த உடனே, பில்லரிலும் கைடுக் கம்பத்திலுமாக இரண்டு பக்கமும் கயிறு கட்டுங்கள். ரோலர்களை மாட்டி போல்ட் முறுக்கும்வரை கயிறு அவிழக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் போகும்போது சுவரில் சாத்திவைத்துவிட்டுப் போகும் பழக்கம் மிகவும் ஆபத்தானது.

14. தெருவுல போறவங்க பார்க்காம முழுசா ஷீட் அடிக்கணும். காத்துக்குத் தாங்குமா?

கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875இல் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். மதுரை, கோவைக்கு 39. அழுத்தம் என்பது வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்குவது. 50 மீட்டர் வேகத்துக்கு அது சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 150 கிலோ. நம் கேட் 6 சதுர மீட்டருக்கும் சற்று அதிகம். முழு ஷீட் என்றால் ஏறத்தாழ 940 கிலோ தள்ளுகிறது. 39 மீட்டர் வேகத்துக்கே 570 கிலோ வரும். 2016 வர்தா, 2018 கஜா புயல்களில் சுவரே சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது.

கடலோரத்தில் முழு ஷீட்டை நான் தவிர்க்கச் சொல்வேன். பட்டைகளைச் சாய்த்து இடைவெளிவிட்டு அடுக்கினால் பார்வையும் மறையும், காற்றும் கொஞ்சம் போகும். ஷீட்தான் வேண்டும் என்றால் கைடுக் கம்பங்களைத் தடிமனாக்கி, பில்லரின் கம்பியோடு இணையுங்கள். செங்கல் பில்லரில் நாலு போல்ட் இந்த விசைக்கு நிற்காது.

15. தரையில ட்ராக்கே இல்லாம கேன்டிலீவர் கேட் வீட்டுல செய்யலாமா?

கேட் தரையைத் தொடாமல், பக்கத்தில் ஊன்றிய ரோலர் வண்டிகள்மேல் அந்தரத்தில் ஓடும் அமைப்பு இது. வாசலில் மழைத் தண்ணீர் ஓடும் வீடுகளுக்கும், ஜல்லித் தரைக்கும் அருமையான வழி. ஆனால் கேட்டுக்கு வாசலைவிட ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும்: 12 அடிக்கு 18 அடி. முதல் பதிலில் சொன்ன பக்க இடமும் அதற்கேற்ப 18 அடிக்குமேல் போகும். இரண்டு ரோலர் வண்டிகளை 5 அடி இடைவெளியில் வைத்தால், மூடியிருக்கும்போது முன் வண்டியில் கேட்டின் எடையைப்போல் 1.7 மடங்கு அழுத்தும்; பின் வண்டியை 0.7 மடங்கு மேலே தூக்கும். அந்தத் தூக்கலைப் பிடித்து நிறுத்தும் அளவுக்குக் கனமான கான்கிரீட் கட்டை கீழே வேண்டும். தரை ட்ராக் கேட் ஒன்று செய்து பழகியவர் முயலலாம்.

16. மோட்டார் போடலாமா? எத்தனை கிலோ மோட்டார்?

ஒரு கையால் தள்ளினால் ஓடும் கேட்டுக்குத்தான் மோட்டார். இழுக்கத் திணறும் கேட்டை மோட்டார் சரிசெய்யாது, மோட்டார்தான் கெடும். 4ஆம் பதிலில் சொன்னபடி எடையைக் கணக்கிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு குறிப்பிட்ட மோட்டாரை எடுங்கள். கேட்டில் பொருத்தும் பல்சட்டத்துக்கும் மோட்டாரின் பல்சக்கரத்துக்கும் இடையே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லையென்றால் கேட்டின் பாரம் மோட்டார் தண்டில் உட்காரும். இரண்டு பல்சட்டத் துண்டுகள் சேரும் இடத்தில், மூன்றாவது துண்டைத் தலைகீழாக அவற்றின் பற்களோடு பொருத்திப் பிடித்துக்கொண்டு மாட்டுங்கள். பல் இடைவெளி பிசகாது.

2010இல் பிரிட்டனில் சில நாள் இடைவெளியில் இரண்டு சிறுமிகள் மின் ஸ்லைடிங் கேட்டில் நசுங்கி இறந்தார்கள். குறுக்கே யாராவது வந்தால் நிறுத்தும் ஒளி சென்சார், முட்டினால் திரும்பும் அமைப்பு இரண்டும் இல்லாமல் மோட்டாரை ஓட்டக்கூடாது. கம்பி கேட் என்றால், பில்லரை ஒட்டி நகரும் பகுதியில் கை நுழையாதபடி ஷீட் அல்லது வலை அடியுங்கள். கரண்டுக்கு எர்த்தும், கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். கரண்ட் போனால் கையால் திறக்கும் சாவி எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

17. புதுசுல லேசா ஓடுச்சு, இப்போ இழுக்கவே முடியல. கிரீஸ் வைக்கவா?

ட்ராக்கில் கிரீஸ் வைக்காதீர்கள். மணல் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். முதலில் ட்ராக்கைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிப் பாருங்கள். பிறகு கைடு ரோலர்களைத் தளர்த்திப் பாருங்கள். லேசானால் கோளாறு மேலே. இல்லையென்றால் கேட்டை ஜாக்கியில் சற்றுத் தூக்கி வீலைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் போய்விட்டது. எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் சிக்கினால் அங்கே ட்ராக் இறங்கியிருக்கிறது, 6ஆம் பதிலுக்குப் போங்கள்.

18. பழைய ரெட்டைக் கதவு கேட்டை ஒண்ணாச் சேர்த்து ஸ்லைடிங்கா மாத்த முடியுமா?

சட்டம் துரு ஏறாமல் இருந்தால் முடியும். சுத்தியலால் கீழ்ச் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள், மழுங்கிய சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். கீலில் தொங்கிய கதவின் கீழ்ச் சட்டம் வீல் பாரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. இரண்டு கதவையும் இணைத்து, அடியில் 80×40 பைப் ஒன்றை முழு நீளத்துக்கு ஒரே துண்டாக ஓட்டுங்கள். வாசல் அளவே இருக்கும் பழைய கேட்டைத் திறக்கும் பக்கம் ஒன்றரை அடி நீட்ட வேண்டும், இல்லையென்றால் கைடுக்குள் நிற்காது. மேல் விளிம்பு வளைவாக இருந்தால், அதற்குக் கீழே நேரான சட்டம் ஒன்றை வைத்து ரோலரை அங்கே பிடியுங்கள். ட்ராக், பீம், ஸ்டாப்பர் எல்லாம் புது கேட்டுக்குச் சொன்னதேதான். மிச்சமாவது இரும்பு மட்டும். பழைய பெயின்டைப் பற்றவைக்கும் இடங்களில் முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.